சாய்ந்து கொடுக்கிறவன்

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆம்பூரில் பட்டைக் கிடங்குக்குள் இருந்தவர்கள்: தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி அப்துல் வஹாப், நாற்காலியில். அவருடைய அக்கா மகன் இஷ்தியாக் அகமது, ஜப்பானில் கோபே நகரத்திலிருந்து திரும்பி வந்தவன், கித்தான் சட்டையில். மேஸ்திரி எத்திராஜு, கைகட்டி வாசலோரம். வேலூர் பயில்வான் சர்தார் பாஷா, வாய் நிறைய வெற்றிலையோடு. சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் கன்னியப்பன், இன்னொரு கித்தான் சட்டையில். மெட்ராஸில் தேகப்பயிற்சிக் கூடம் நடத்தும் சுபேதார் ரங்கசாமி நாயுடு வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. தன் கண்ணுக்குப் பதிலாகப் பாஷாவை அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. சுண்ணாம்பு நெடி மட்டும் விடுமுறை எடுக்கவில்லை. கிடங்கின் ஒரு பக்கம் ஆவாரம்பட்டைக் கட்டுகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. மறுபக்கம் சாறு இறங்கிப்போன பட்டைச் சக்கையைக் காயவைத்துத் தரையில் கனமாகப் பரப்பி, அதன் மேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அடுப்புக்குப் போக வேண்டிய சக்கை அது. மேலே விழுந்தால் எலும்பு உடையாது. வலிக்கும், அவ்வளவுதான்.

இஷ்தியாக் கன்னியப்பனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து இடுப்பைத் திருப்பினான். கன்னியப்பன் அவன் முதுகின் மேல் சுழன்று போய் விழுந்து கையால் தரையை அறைந்தான். சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது. எழுந்தான். மறுபடி பிடி, மறுபடி சுழற்சி. இஷ்தியாக்கின் கால் தட்டினால் கன்னியப்பனின் இரண்டு காலும் ஒன்றாகப் பறந்தன. தோளைத் திருப்பினால் ஆளே காணாமல் போய்த் தரையில் கிடந்தான். பார்க்க அழகாக இருந்தது. முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே எத்திராஜு, தான் இந்து என்பதையும் மறந்து, மாஷா அல்லா என்றான்.

சர்தார் பாஷா வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான். கன்னியப்பனின் எதிரில் நின்று அவன் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஒரு பக்கம் இழுத்தான். குழந்தை இழுத்தாற்போல. கன்னியப்பனின் உடம்பு அந்தப் பக்கமே போனது. இன்னொரு பக்கம் இழுத்தான். அந்தப் பக்கமும் போனது.

"பாரு மியான்," என்றான் பாஷா. "நீ இவனைத் தூக்கல. இவனே ஏறுறான், இவனே குதிக்கிறான். நீ நடுவுல கைய வச்சிக்கினு நிக்கிற."

அப்துல் வஹாப் சிரித்தார். அவருக்கு அது நல்ல சேதி. அக்கா மகன் மெட்ராஸ் போகாமல் ஷாப்பில் தன் பக்கத்து மேஜையில் உட்கார வேண்டும் என்பது அவர் விருப்பம்.

"அடுத்த மாசம் எங்க குஸ்தித் தாலிம்ல சுபேதார் உக்காருவாரு. உன் எதிர்ல நான் நிப்பேன்," என்று பாஷா சொன்னான். "நான் குதிக்க மாட்டேன்."

இஷ்தியாக் காது சிவக்க நின்றான். அவனுக்குச் சந்தேகமே வந்திருக்கவில்லை என்பதுதான் கேவலம். மூன்று மாதமாகத் தன் வீச்சு நாளுக்கு நாள் கூடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

கோபேயில் அவன் ஒரு மெட்ராஸ் தோல் வியாபாரியின் கிளையில் குமாஸ்தாவாக இருந்தவன். சாயங்காலம் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கூடத்தில் ஜூடோ பழகினான். அங்கே அவனுக்கு வாய்த்த ஜோடி மட்சுதா, துறைமுகத்தில் மூட்டை எடை போடுகிறவன். மட்சுதா அவனைப் பிடித்த முதல் நாளும் தூக்கிப் போட்டான், ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாளும் தூக்கிப் போட்டான். நடுவில் சில வருஷங்களில் இஷ்தியாக்கும் அவனைப் போட ஆரம்பித்திருந்தான். அங்கே தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒருவருக்கொருவர் குனிவார்கள். தொழுகையில் தவிர யாருக்கும் குனிய மாட்டேன் என்று இஷ்தியாக் சலாம் வைத்தான். மட்சுதா முனகினான், பிறகு அவனும் சலாம் வைத்தான். அவ்வளவுதான் அவர்கள் சிநேகம். கூடத்துக்கு வெளியே சேர்ந்து ஒரு தேநீர் குடித்ததில்லை.

கடை நொடித்துக் கிளை மூடப்பட்டதும் திரும்பி வந்தான். சரக்குக் கணக்கு எழுதும் மேஜை அவனுக்குக் காத்திருந்தது. மாமூ அப்துல் வஹாப் நல்லவர்தான், ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது மவுத்தான பிறகுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் சுபேதாரின் கூடத்தில் ஜப்பான் குஸ்திக்கு ஒரு வாத்தியார் வேண்டும் என்ற சேதி வந்தது. சுபேதார் பார்த்துப் பிடித்தால் வேலை, தங்க இடமும் உண்டு. அவனுக்கு இருந்த ஒரே வழி அது.

ஆனால் இதைத் தனியாகப் பழக முடியாது. சிலம்பம் என்றால் தூணோடு சுற்றலாம். தண்டால் தனியாக எடுக்கலாம். இதற்கு இன்னொரு உடம்பு வேண்டும். அந்த உடம்பு உன்னைப் போடப் பார்க்க வேண்டும். ஷாப்பில் ஈரத் தோலை அநாயாசமாகத் தூக்குகிறவன் யார் என்று கேட்டான். கன்னியப்பனைக் காட்டினார்கள். அவனைவிட வயதில் மூத்தவன், கனத்த தோள், சுண்ணாம்பு அரித்த கால்கள். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் வரச் சொன்னான். வந்தான். சலாம் வைக்கச் சொன்னான். வைத்தான், இடுப்பை வளைத்து, கண்ணைத் தரையில் போட்டு. விழக் கற்றுக்கொடுத்தான். மிக நன்றாக விழுந்தான். அதற்கு மேல் எதையும் இஷ்தியாக் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. தேவை என்று தோன்றவில்லை.

பாஷா வந்துபோன மறுநாள் இஷ்தியாக் கன்னியப்பனிடம் இனி விழாதே என்றான். கன்னியப்பன் சரி சாயபு என்றான்.

அன்றிலிருந்து அவன் விழவில்லை. கல் மாதிரி நின்றான். இஷ்தியாக் இழுத்தான், தள்ளினான், காலைக் கொக்கி போட்டான், இடுப்பை நுழைத்தான். நடுகல்லோடு மல்லுக்கட்டுவது போல இருந்தது. கன்னியப்பன் திருப்பி இழுக்கவில்லை, நகரவில்லை, முகத்தில் ஒன்றும் இல்லை. விழச் சொன்னால் விழுந்தான், நிற்கச் சொன்னால் நின்றான். இரண்டும் ஒரே கீழ்ப்படிதல். மரத்தில் கட்டிய மாட்டை வென்று என்ன பயன், அதனிடம் தோற்றுத்தான் என்ன பயன். ஒரு வாரம் இப்படிப் போனது. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

வாரக் கடைசியில் ஒரு காலை இஷ்தியாக் வியர்த்து மூச்சு வாங்கி, என்னைப் போடு, ஒருதடவையாவது போடு என்று கத்தினான். கன்னியப்பன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். இஷ்தியாக் அவனைக் கன்னத்தில் அறைந்தான்.

ஷாப்பில் அறை என்பது பெரிய விஷயம் இல்லை. எத்திராஜு நாளுக்கு ஒருத்தனையாவது அறைவான். ஆனால் இது சற்று முன் சலாம் வைத்த கை. கன்னியப்பன் அந்தக் கையைப் பார்த்தான். கித்தான் சட்டையைக் கழற்றி மடித்துப் பட்டைக்கட்டின் மேல் வைத்தான். குழிக்கு வேலைக்குப் போனான். அடுத்த நாள் காலையில் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. குழியில் வேலை மட்டும் செய்தான்.

எத்திராஜுவிடம் சொல்லியிருந்தால் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருப்பான். இஷ்தியாக்குக்கு அந்த யோசனை வந்தது. அதில் பயன் இல்லை என்பதும் தெரிந்தது. வேறு ஆளைப் பிடிக்கலாமா என்றும் பார்த்தான். எந்த ஆளாக இருந்தாலும் அவன் மாமூவின் ஷாப்பு ஆளாகத்தான் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஷாப்புக்குப் பின்னால் ஆட்களுக்கு விட்டிருந்த லைன் வீடுகளுக்குப் போனான்.

கன்னியப்பனின் மனைவி ஜெயம்மாள் வாசலில் தோலிலிருந்து வழித்த சவ்வைக் கோரைப்பாயில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பசை காய்ச்சுகிறவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளே கன்னியப்பன் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அடிச்சதுக்கு வந்தீங்களா, ஆளு கெடைக்காம வந்தீங்களா?" என்று கேட்டாள்.

இஷ்தியாக் யோசித்தான். "ஆள் கிடைக்காமதான்," என்றான்.

"அது நெசம்," என்றாள். ஒரு சவ்வைத் திருப்பிப் போட்டாள். "அடிச்சதுக்குன்னு சொல்லியிருந்தா கதவைச் சாத்தியிருப்பேன்."

கன்னியப்பன் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தான். ஏன் இத்தனை நாள் குதித்தாய் என்று இஷ்தியாக் கேட்டான். கன்னியப்பனுக்குக் கேள்வியே புரியவில்லை. குழியிலிருந்து ஈரத் தோலை இரண்டு பேர் தூக்கும்போது எதிராளி எந்தப் பக்கம் இழுக்கிறானோ அந்தப் பக்கம் சாய்ந்து கொடுக்க வேண்டும் என்றும், கொடுக்காமல் முரண்டினால் தோலோடு இரண்டு பேரும் சுண்ணாம்புக்குள் போவார்கள் என்றும் விளக்கினான். சின்ன வயதிலிருந்து அவன் கற்ற வேலை அது. இதுவும் இரண்டு ஆள் வேலை என்றார்கள். நன்றாகச் செய்யத்தான் செய்தான். எத்திராஜு வேறு ஒன்று சொல்லி வைத்திருந்தான். சின்ன சாயபுவுக்குக் கை கால் போச்சு என்றால் உனக்கு இந்த வீடு போச்சு.

ஆக இரண்டு காரணம். ஒன்று பழக்கம், இன்னொன்று பயம்.

"எனக்கு ஒத்தாசை வேணாம்," என்றான் இஷ்தியாக். "என்னைப் போடப் பார்க்கிற ஆள் வேணும். நெஜமா. இல்லன்னா பாஷா எதிர்ல நான் பத்து நிமிஷம் தாங்க மாட்டேன்."

"தாங்கினா உங்களுக்கு மெட்ராஸ்ல வேலை," என்றாள் ஜெயம்மாள். "இவருக்கு மறுபடியும் குழி. நடுவுல உங்களுக்கு எதாவது ஆச்சுன்னா குழியும் இல்ல. இதுல இவருக்கு இன்னா இருக்குது?"

பக்கத்து வாசல்களில் பேச்சு நின்றிருந்தது. இஷ்தியாக் மட்சுதாவை நினைத்தான். மட்சுதா ஒருநாளும் அவனுக்காகப் பழகியதில்லை. தனக்காகப் பழகினான். இஷ்தியாக்கும் தனக்காகவே பழகினான். ஒருவனை ஒருவன் உபயோகித்துக்கொண்டார்கள், அதனால் இருவரும் தேறினார்கள். இங்கே ஆம்பூரில் மூன்று மாதமாகப் பழகினது ஒரே ஆள். இன்னொருவன் கூலிக்கு விழுந்தான், அந்தக் கூலியும் கிடையாது.

"ரெண்டு பேரா போலாம்," என்றான். "சுபேதார்கிட்ட சொல்றேன். வேலை ரெண்டு பேருக்கு, இல்லன்னா எனக்கும் வேணாம்."

ஜெயம்மாள் சிரித்தாள். கன்னியப்பன் சிரிக்கவில்லை. இதுமாதிரி வார்த்தைகளை அவன் முன்பும் கேட்டிருக்கிறான்.

"அது உங்க பேச்சு சாயபு. அங்க போனா மாறிக்கலாம்," என்றான். "எனக்கும் கத்துக்குடுங்க. விழறத மட்டும் இல்ல, எல்லாத்தையும். நீங்க பேச்சு மாறினாலும் அது எங்கிட்ட இருக்கும்."

மறுநாள் காலை வந்தான். அன்றிலிருந்து முறை மாறியது. ஒருவன் ஒரு தடவை போட்டால் அடுத்த தடவை மற்றவன். இஷ்தியாக் பிடியைச் சொல்லிக்கொடுத்தான், காலை எங்கே வைப்பது, எப்போது இடுப்பை நுழைப்பது, எதிராளியின் கனம் எந்தக் குதிகாலில் இறங்குகிறது என்று எப்படிப் பார்ப்பது. கன்னியப்பன் மெதுவாகத்தான் கற்றான். இரண்டு மூன்று வீச்சுக்கு மேல் அவனுக்கு வரவில்லை. வந்த இரண்டு மூன்றும் போதுமானதாக இருந்தன.

முதல் நாள் அவன் இஷ்தியாக்கைத் தூக்கினான், ஆனால் கீழே விடவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்து நிறுத்திவிட்டான், கைதவறப் பார்த்த பீங்கானைப் பிடிப்பது போல. விடு என்றான் இஷ்தியாக். விடவில்லை, இறக்கி வைத்தான். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இஷ்தியாக் ஒன்றும் சொல்லாமல், பிடியில் இருந்த அவன் விரலைத் திருகி உண்மையாகவே நோகச் செய்தான். கன்னியப்பனுக்குக் கோபம் வந்தது. தூக்கினான். இந்தத் தடவை விட்டான்.

இஷ்தியாக் பட்டையில் கிடந்தான். மூச்சு வரவில்லை. விலாவில் ஏதோ நகர்ந்தது. கன்னியப்பன் வெளிறிப்போய் வாசலைப் பார்த்தான், யாராவது பார்த்தார்களா என்று. இஷ்தியாக் உருண்டு எழுந்து, நெற்றியில் கைவைத்து, சலாம் சொன்னான். கன்னியப்பன் திருப்பி வைத்த சலாம் அன்று இடுப்பு வளையாமல் வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், குனிய நேரமில்லை.

அதன்பின் அந்தக் கிடங்கில் பேச்சு குறைந்தது. இஷ்தியாக்குக்குக் கோபேயில் விட்டுவிட்டு வந்த பயம் திரும்பி வந்தது. உன்னைப் போட நினைக்கிறவனின் சட்டையைப் பிடித்தால் வாய் உலர்ந்துபோகும். அந்தப் பயத்தோடு பிடியைத் தளர்த்தாமல் நிற்பதுதான் பழக்கம். மற்றதெல்லாம் கைவேலை. ஜெயிக்கிறோமா என்று நினைத்தால் கால் தாமதிக்கிறது. விழுந்ததை நினைத்தால் அடுத்த பிடி தாமதிக்கிறது. விழு, எழுந்திரு, சலாம் வை, பிடி. அவன் உடம்பெல்லாம் நீலம் பூத்தது. கன்னியப்பனின் முழங்கை வீங்கியது. சங்கு ஊதினதும் ஒருவன் குழிக்குப் போனான், ஒருவன் மேஜைக்கு.

எத்திராஜு முதலாளியிடம் போய்ச் சொன்னான். அப்துல் வஹாப் ஒரு காலை சொல்லாமல் வந்து நின்றபோது இஷ்தியாக் மல்லாந்து கிடந்தான். கன்னியப்பனின் முன்கை அவன் கழுத்துக்குக் குறுக்கே இருந்தது.

மாமூ கத்தவில்லை. கன்னியப்பனை வெளியே போகச் சொல்லிவிட்டு உருதுவில் பேசினார். நாளைக்கு நீ மேஜையில் உட்கார்ந்து ஆட்களிடம் ஒரு சொல் சொன்னால், உன்னை மண்ணில் பார்த்தவன் அதைக் கேட்பானா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. ஷாப்பு அப்படித்தான் நடக்கிறது. மேஜையில் உட்காரப் போவதில்லை என்றான் இஷ்தியாக். அதற்கும் மாமூ கத்தவில்லை. வேலூருக்குப் போ, அடிபட்டு வா என்றார். ஆனால் அந்த ஆள் லைன் வீட்டை நீ வேலூர் போகிற அன்றோடு காலி செய்ய வேண்டும். உன் கழுத்தில் கைவைத்தவனை என் இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

இஷ்தியாக் வாதாடினான். ஒன்றும் நடக்கவில்லை. அன்று மாலை போய்க் கன்னியப்பனிடம் சொன்னான். கன்னியப்பன், "அப்ப இன்னும் ஜாஸ்தி பழகணும்," என்றான்.

வேலூர் போகிற அன்று ஜெயம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். எங்கே போவதென்று தெரியாது, ஆனால் கட்டிவிட்டாள். புருஷனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "யாருக்கும் விழுந்து குடுத்துட்டு வராதே."

காட்பாடிவரை ரயில், அங்கிருந்து ஜட்கா. பாஷாவின் தாலிம் வேலூரில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. குட்டையான கதவு, உள்ளே ஓட்டுக் கூரை, நடுவில் கோதா. மண்ணில் எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து சலித்துப் போட்டு, விடிகாலையில் சாம்பிராணி காட்டியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கினால் கதவைப் பூட்டுவது அங்கே வழக்கம். பாதி பார்த்துவிட்டு எவனும் வெளியே போய்க் கதை கட்டக் கூடாது என்று பாஷாவின் உஸ்தாத் போட்ட விதி.

வாசலில் இருந்தவன் கன்னியப்பனின் கைகளைப் பார்த்தான். சுண்ணாம்பு தின்ற நகங்கள். எந்த ஊர் ஷாப்பு என்று கேட்டான். கேட்டுவிட்டு, அந்த மண்ணில் தோல் குழி ஆள் கால்வைக்க முடியாது என்றான். இஷ்தியாக் வாய் திறப்பதற்குள் கன்னியப்பன் சந்தில் எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டான். நீங்க போங்க என்று கையைக் காட்டினான். இஷ்தியாக் உள்ளே போனான். சங்கடப்பட நேரம் இல்லை.

சுபேதார் ரங்கசாமி நாயுடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, முழங்காலில் பிரம்பு. பாஷா கித்தான் சட்டை போட ஒத்துக்கொண்டிருந்தான், அவன் தோள் அதற்குள் பிதுங்கியது. போதும் என்று தான் சொல்லும்வரை நடக்கட்டும் என்றார் சுபேதார்.

பாஷா முதல் பிடியிலேயே இஷ்தியாக்கைத் தலைக்குமேல் தூக்கிக் கோதாவின் நடுவில் போட்டான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். குஸ்தியில் முதுகு மண்ணைத் தொட்டால் முடிந்தது. பாஷா பழக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களை நோக்கித் திரும்பினான். அவன் திரும்பிய நேரத்தில் இஷ்தியாக் எழுந்து சலாம் வைத்துவிட்டுச் சட்டையைப் பிடித்திருந்தான். பாஷாவுக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி போட்டான். மறுபடி எழுந்தான். தினம் காலையில் இதைவிட மோசமாக விழுந்து எழுந்தவன் அவன். மண் பட்டையைவிட மெத்தென்று இருந்தது.

போகப்போகப் பாஷாவின் மூச்சு கனத்தது. போட்டதோடு முடியாத ஆளை அவன் பார்த்ததில்லை. பேஜாராகி, முடித்துவிட வேண்டும் என்று முழு பலத்தோடு தன் பக்கம் இழுத்தான். அந்த இழுப்பில் அவன் கனம் முழுக்க வலது குதிகாலில் இறங்கியதை இஷ்தியாக்கின் கை உணர்ந்தது. இழுத்த பக்கமே போனான், இழுப்பைவிடச் சற்று முன்னதாக. அந்தக் குதிகாலைத் தன் காலால் வாரினான். பாஷா உட்கார்ந்து, சாய்ந்து, மல்லாந்து விழுந்தான். ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் கிடந்தான். யாரும் கைதட்டவில்லை.

சுபேதார் போதும் என்றார். மெட்ராஸுக்கு வரலாம், மாதப் பிறப்பில் சேரலாம், அறை இருக்கிறது என்றார்.

"ரெண்டு பேர் வர்றோம்," என்றான் இஷ்தியாக். வெளியே இருக்கிற ஆளைப் பற்றிச் சொன்னான்.

சுபேதார் கேட்டுக்கொண்டார். தம் கூடத்தில் பெரிய வீட்டுப் பையன்கள் படிக்கிறார்கள், தோல் குழி ஆள் அவர்கள் சட்டையைப் பிடித்தால் தகப்பன்மார்கள் மறுநாளே பையன்களை நிறுத்திவிடுவார்கள் என்றார். அவருக்கு அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. இட்டிலி விலை சொல்வது போலச் சொன்னார். "உன்கிட்ட விழறதுக்கு அங்க அம்பது பேர் இருக்காங்கப்பா."

"விழுவாங்க," என்றான் இஷ்தியாக். "அதுதான் எனக்கு வேணாம்."

அப்படியானால் யோசித்துச் சொல் என்றார் சுபேதார். பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இஷ்தியாக் யோசித்தான். சரி என்று சொல்வது சுலபம். லைன் வீட்டு வாசலில் சொன்ன ஒரு வார்த்தைக்கு இந்தக் கூரைக்குக் கீழே சாட்சி இல்லை. கன்னியப்பன் சண்டைக்கு வர மாட்டான். ரயில் ஏறும் இடம்வரை கூடவே வந்து மூட்டையைத் தூக்கிக் கொடுப்பான், அவன் அப்படிப்பட்டவன்தான். பிறகு மெட்ராஸில் ஐம்பது பையன்கள் அழகாகக் குதிப்பார்கள். ஒரு வருஷத்தில் தானும் இந்தப் பாஷா மாதிரி, ஒரு தடவை போட்டுவிட்டுக் கைதட்டலுக்குத் திரும்புகிறவன் ஆகிவிடுவான். அதற்கு மாமூவின் மேஜையே தேவலை. அவன் மறுபடி அதையே சொன்னான். இரண்டு பேர், இல்லை என்றால் வேண்டாம்.

சுபேதார் எழுந்து செருப்பைத் தேடினார்.

"இருங்க சுபேதார் சாப்," என்றான் பாஷா. இன்னும் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தான். இஷ்தியாக்கைப் பார்த்தான். "ஆம்பூர்ல நான் பார்த்தப்ப இது உங்கிட்ட இல்ல. யாரு குடுத்தது? அந்தக் குதிக்கிறவனா?"

"இப்ப குதிக்கிறதில்ல."

"அப்ப என் எதிர்ல நிக்கட்டும். நின்னான்னா ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போங்க. நான் போட்டுட்டேன்னா இவன் மட்டும் வரட்டும், இல்ல வீட்டுக்குப் போவட்டும்."

கதவருகில் இருந்தவன் மண்ணைப் பற்றி ஏதோ முனகினான். பாஷா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மண்ணு என்னுது. நாளைக்கு இன்னொரு தரம் சாம்பிராணி போட்டுக்க," என்றான்.

சுபேதார் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். பாஷாவையும் இஷ்தியாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். தகப்பன்மார்களை நான் சமாளித்துக்கொள்வேன், ஆனால் வருகிறவன் அதற்குத் தகுந்தவனாக இருக்க வேண்டும் என்றார். எத்தனை தடவை விழுந்தாலும் பரவாயில்லை, பாஷாவை ஒரு தடவை போட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

இஷ்தியாக் கதவைத் திறக்கச் சொல்லி வெளியே போனான். சந்தில் வெயில் ஏறியிருந்தது. கன்னியப்பன் சுவரோரம் அதே இடத்தில் இருந்தான். அவனைப் பார்த்ததும் எழுந்தான். முகத்தைப் பார்த்துச் சேதியைத் தெரிந்துகொள்ளப் பார்த்தான், தெரியவில்லை.

"இன்னா ஆச்சு சாயபு?"

"எனக்கு ஆயிடுச்சி. உனக்கு இப்பதான்." இஷ்தியாக் தன் கித்தான் சட்டையைக் கழற்றினான். வியர்வையில் நனைந்து கனத்திருந்தது. "பாஷா எதிர்ல நிக்கற. அவனை ஒரு தடவை போட்டா ரெண்டு பேரும் போறோம். எத்தினி தடவை வேணா விழு, கணக்கு இல்ல."

"போடலன்னா?"

"சுபேதார் என்னை மட்டும் கூப்பிடுவாரு. நான் போவலன்னு சொல்லிட்டேன்."

அது உண்மையா என்று கன்னியப்பன் எடை போட்டான். பிறகு அதை விட்டுவிட்டான், இப்போது அது தேவைப்படவில்லை. ஈரச் சட்டையை வாங்கிப் போட்டு இடுப்பில் வாரை இறுக்கினான். பாஷாவுக்கு எந்தக் கால் முன்னால் வரும் என்று கேட்டான். வலது என்றான் இஷ்தியாக். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டான். பாதி போய்விட்டது என்றான்.

கதவு குட்டையாக இருந்ததால் தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். கன்னியப்பன் குனிந்து நுழைந்து உள்ளே நிமிர்ந்தான். எதிரில் பாஷா மண்ணை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு எழுந்தான். கன்னியப்பன் அவன் கண்ணைப் பார்த்து நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனான். இஷ்தியாக் பின்னாலேயே வந்து சுவரோரம் ஒதுங்கினான். வாசல்காரன் கதவைச் சாத்தி, தாழைப் போட்டு, பூட்டினான்.